எல்லைப்புறத்தின் கதை: உச்சிவேளைப் பிரசங்கங்கள்

தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவ்வூர்வாசிகளைக் கேட்டால், பலரும் தயங்காமல் ஒரே விடையைச் சொல்வார்கள். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டில் பிறந்த மஸ்தான் சாகிப் என்னும் ஞானி, துறவு பூண்டு சென்னைக்கு வந்து இராயபுரத்தில் தங்கினார். தொண்டியிலிருந்து வந்தவராகையால் ஜனங்கள் அவரைத் 'தொண்டியார்' என்று அழைத்தார்கள். தொண்டியார் வாழ்ந்த பேட்டை தொண்டியார்பேட்டை ஆயிற்று. அதுவே பிறகு தண்டையார்பேட்டை என்று மருவிற்று என்பார்கள்.

கதை அழகானது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றிய ஒரு மகானுடைய நினைவு ஊரின் பெயரிலேயே தங்கியிருக்கிறது என்றால், அதைவிட மகிழ்ச்சிக்குரியது வேறென்ன? ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டும்போது ஒரு சங்கடம் எதிர்ப்படுகிறது. 1693-ஆம் ஆண்டில் எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய கிராமங்களோடு தண்டையார்பேட்டையும் கம்பெனியார் வசம் வந்தது என்று அவை சொல்லுகின்றன. மஸ்தான் சாகிப் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது!

அப்படியானால் ஜனங்கள் சொல்லும் கதை வெறும் புளுகா? அவ்விதம் தள்ளிவிடுவது நியாயமன்று. ஊரார் அந்த மகானிடம் எவ்வளவு பக்தி வைத்திருந்தால், முன்பே இருந்த பெயரைக்கூட அவருக்கு உரியதாக்கியிருப்பார்கள்! கதை ஊராரின் உள்ளத்தைக் காட்டுகிறது. தஸ்தாவேஜு காலத்தைக் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனே சரித்திரம் அறிந்தவன் ஆவான். ஆனால் அப்படி வைத்துக் காட்டுவதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா? பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளுக்குப் பானிபட்டில் நடந்த மூன்று யுத்தங்களையும் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்கள் தினமும் நடந்து வரும் தெருவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில்லை. பள்ளியைவிட்டு வெளியேறிய பிறகு அதைச் சொல்லுவார் யாரும் இல்லை.

இந்தக் குறையை நீக்குவதற்கு வேறு தேசங்களில் ஓர் எளிய வழி கண்டிருக்கிறார்கள். சர்வகலாசாலையார் நண்பகலில் பொதுஜனங்களுக்காக நடத்தும் சரித்திரப் பிரசங்கங்களே அந்த வழி. அது நமக்கு, அதிலும் வடசென்னைவாசிகளுக்கு, ஏன் அவசியமானது என்பதை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பழுப்புப் பையும் பண்டிதரும்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. 1836-ஆம் ஆண்டு வரையில் அது மெக்ஸிகோ தேசத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு சில ஆண்டுகள் தனிக் குடியரசாக விளங்கி, 1845-ல் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு சேர்ந்தது. அதையொட்டி இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டு, 1848-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. ரியோ கிராண்டி நதி எல்லையாயிற்று. நதியின் இரு கரையிலும் உற்றார் உறவினர் இருந்தார்கள். ஒரே இரவில் ஒரு கரையில் இருந்தவர்கள் ஒரு தேசத்தவராகவும், மறு கரையில் இருந்தவர்கள் வேறு தேசத்தவராகவும் ஆனார்கள்.

இத்தகைய பிரதேசங்களின் சரித்திரத்தைத் தலைநகரில் இருந்துகொண்டு எழுதினால் உண்மை விளங்காது என்று முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர் ஹெர்பர்ட் போல்ட்டன் என்னும் ஆசிரியர். அவர் 1921-ஆம் ஆண்டில் ஸ்பானிய எல்லைப்புறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எல்லைப்புறம் என்பது ஒரு தேசம் முடிகிற இடம் மட்டும் அன்று. இரண்டு ஜன சமூகங்கள் சந்தித்து, சண்டையிட்டு, கொண்டு கொடுத்து வாழ்கிற இடமும் அதுவே என்னும் எண்ணம் அதன் பிறகு வலுப்பெற்றது. இன்று அந்த ராஜ்யத்திலுள்ள டாலஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையில், அப்பிரதேசத்தின் சரித்திரத்தை ஆராய்வதற்கென்றே கிளெமென்ட்ஸ் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நண்பகலில் பிரசங்கங்கள் நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது, யாரும் வரலாம்.

அந்த நாட்டில் இம்மாதிரிக் கூட்டங்களுக்குப் 'பழுப்புப் பை' பிரசங்கம் என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு. வீட்டிலிருந்து கொண்டுவரும் மதிய உணவைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு எடுத்து வருவது அங்கே வழக்கம். பண்டிதர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, அவரவர் வேலைக்குத் திரும்பிவிடலாம். நம்மவர்களுக்கு இது சற்று அவமரியாதையாகத் தோன்றக்கூடும். ஆனால் அதில் உள்ள நன்மையைக் கவனியுங்கள். மாலை வேளை அவகாசம் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த கல்வி, உழைப்பவர்களின் இடைவேளைக்கு இறங்கி வருகிறது!

நாம் நிற்கும் இடம்

"டெக்ஸாஸ் எங்கே, தண்டையார்பேட்டை எங்கே?" என்று கேட்கலாம். தண்டையார்பேட்டையும் ஓர் எல்லைப்புறந்தான்.

தமிழ் கூறும் நல்லுலகத்துக்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்திருப்பதை யாவரும் அறிவோம். அந்த வேங்கடத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது தொண்டைமண்டலம். எல்லைக்கு உட்பட்டதாயினும், வடக்கேயிருந்து வரும் சேனையும் வணிகமும் பாஷையும் முதலில் கால் வைப்பது இங்கேதான். பல்லவர்களும் சோழர்களும் ஆண்ட இந்த மண்டலம் விஜயநகர சாம்ராஜ்யத்தின் கீழ் வந்தது. அந்தச் சாம்ராஜ்யம் தளர்ந்த பிறகு, திருப்பதியை அடுத்த சந்திரகிரியிலிருந்து அதன் கடைசி அரசர்கள் ஆண்டார்கள். அவர்களுக்குக் கீழ்ப்பட்ட நாயகர்கள் இக்கடற்கரையை நிர்வகித்தார்கள்.

ஐரோப்பிய வர்த்தகர்கள் வந்து இறங்கிய வரிசையைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-ஆம் ஆண்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் அதற்கு வடக்கே நெல்லூர்க் கரையிலுள்ள துர்க்கராஜபட்டினத்தில் 1626-ல் பண்டசாலை வைத்தார்கள். அங்கே வர்த்தகம் செழிக்காமற்போகவே, பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே வந்து, 1639-ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயகரிடம் மதராஸபட்டினத்துக் கடற்கரையைப் பெற்றார். சென்னை நகரம் தோன்றிய கதை இதுதான். தமிழ்நிலத்தில், தெலுங்கு நாயகர் ஒருவர், சந்திரகிரி அரசரின் ஆட்சியின் கீழ், ஆங்கில வர்த்தகருக்கு இடம் கொடுத்தார். இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பாஷைகள் இருக்கின்றன!

பிறகு நகரம் வடக்கே கிராமம் கிராமமாக வளர்ந்தது. 1693-ல் தண்டையார்பேட்டை வந்ததை முன்பே சொன்னேன். 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்னும் ஐந்து கிராமங்கள் சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் தண்டையார்பேட்டைதான் கம்பெனி நிலத்தின் வடகோடி. ஜோசப் காலெட் என்பவர் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்தபோது, திருவொற்றியூருக்குப் பக்கத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார். அந்தக் காலெட் பேட்டைதான் ஜனங்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆகி நிற்கிறது. ஓர் ஆங்கிலேயரின் பெயர் எப்படித் தமிழுடை உடுத்திருக்கிறது, பாருங்கள்!

1806-ஆம் ஆண்டில் எண்ணூர் வரையில் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1877, 1878-ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் கூலி பெற்று உழைத்த ஏழைகளின் கையால் அதன் பகுதிகள் இணைக்கப்பட்டன. அன்றைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று அதற்குப் பெயர் வந்தது. ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகு அதன் வழியாகப் படகுகளில் வந்து சென்னை அடுப்புகளில் எரிந்தது. வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் இன்றும் உள்ளே தெலுங்கும் வாசலில் தமிழும் வழங்குகின்றன. இந்தக் கலப்பு எப்படி வந்தது என்று அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது.

கோயில் மண்டபத்தில் அரசர்

பொது இடத்தில் சரித்திரம் கேட்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது திருவொற்றியூர். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்து, மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த தலம் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அக்கோயிலில் இருக்கிறது. பங்குனி விழாவின்போது ஆளுடைய நம்பியின் ஸ்ரீ புராணத்தை வாகீச பண்டிதர் என்பவர் எடுத்துரைத்தார் என்றும், அரசனே வந்து இருந்து கேட்டான் என்றும் அதிலிருந்து அறிகிறோம். ஆளுடைய நம்பி என்பது சுந்தரருடைய பெயர். எந்த ஊரில் அக்கதை நிகழ்ந்ததோ அந்த ஊரிலேயே, அந்த ஊர் ஜனங்களின் நடுவே, அக்கதையைச் சொல்ல அரசன் கேட்டான்!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், இதே கோயிலில் வியாகரணம் விரித்துரைப்பதற்கென்று ஒரு மண்டபம் இருந்தது. அதைப் பராமரிக்க நிலமும் விடப்பட்டிருந்தது. ஆகவே கல்விமான் ஒருவர் மக்களிடையே அமர்ந்து விஷயங்களை விளக்குவதும், அதற்குப் பொதுப் பணத்தில் ஏற்பாடு செய்வதும் வடசென்னை மண்ணுக்குப் புதியவை அல்ல. பழைய வழக்கம் நடுவே அறுந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

சேப்பாக்கத்தின் சுவர்கள்

1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. 1914-ல் இந்திய சரித்திரத்துக்கும் தொல்பொருள் ஆராய்ச்சிக்கும் தனி ஆசிரியபீடம் ஏற்பட்டது. முதல் ஆசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், 1929-ல் அவருக்குப் பின் வந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். ஐயங்கார் திருப்பதியின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதினார். சாஸ்திரியார் பாண்டியர்களைப் பற்றியும் சோழர்களைப் பற்றியும் எழுதிய நூல்கள் உலகம் அறிந்தவை. தென்னாட்டுக்குச் சரித்திரமே இல்லை என்று ஏளனம் செய்தவர்களின் வாயை அடைத்த பெருமை இவர்களுக்கு உண்டு. அடிமைப்பட்டிருந்த தேசத்தில் அது சாமானியத் தொண்டா?

ஆனால் அப்பெரியோர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தார்கள். அன்றைய நிலைமை அப்படி. சேப்பாக்கத்து மண்டபத்தில் கேட்டவர்கள் மாணவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தான். அந்த விஷயங்களைத் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டச் செய்தவர்களில் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். வடசென்னையில் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியராயிருந்த மா. இராசமாணிக்கனார், 1940-களில் பல்லவர் வரலாற்றையும் சோழர் வரலாற்றையும் நல்ல தமிழில் எழுதி வெளியிட்டார். சேப்பாக்கத்துக்கும் முத்தியாலுப்பேட்டைக்கும் இடையே இருந்த சுவரில் ஒரு பள்ளி ஆசிரியர் வாசல் வைத்தார். ஒரு வாசல் போதுமா?

போதவில்லை என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டிவிட்டன.

1946-ஆம் ஆண்டு

1946-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையார் விஜயநகர சரித்திரத்துக்கான மூல ஆதாரங்களை மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். அதைத் தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் கல்லிடைக்குறிச்சியில் பிறந்து சோழர் சரித்திரம் எழுதிய நீலகண்ட சாஸ்திரியார். மற்றொருவர் தெலுங்கு நாட்டுச் சரித்திரத்தில் துறைபோன என். வெங்கடரமணய்யா. தாமிரபரணிக் கரையில் பிறந்தவரும் தெலுங்கு நாட்டுப் பண்டிதரும் ஒரே மேஜையில் அமர்ந்து, தமிழரும் தெலுங்கரும் ஒரு குடைக்கீழ் வாழ்ந்த காலத்தின் சான்றுகளைச் சேர்த்தார்கள்.

அதே ஆண்டில் ம. பொ. சிவஞானம் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாமல், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்து, சுதந்திரப் போரில் சிறை சென்றவர் அவர். பாஷைவாரியாக ராஜ்யங்கள் பிரியும்போது தமிழகத்தின் வட எல்லை வேங்கடமாயிருக்க வேண்டும் என்று அவர் மேடைதோறும் பேசினார். சிலப்பதிகாரமும் தொல்காப்பியமும் தெருமுனைக்கு வந்தன. திருத்தணிப் பக்கத்தில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் என்னும் ஆசிரியர், அங்கிருந்தவாறே அக்கிளர்ச்சிக்கு உயிரூட்டினார்.

மறுபக்கத்திலும் தியாகத்துக்குக் குறைவில்லை. பொட்டி ஸ்ரீராமுலு சென்னை ஜார்ஜ் டவுனிலேயே பிறந்தவர். காந்தியடிகளின் தொண்டர், உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டவர். தனி ஆந்திர ராஜ்யம் வேண்டி 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15-ஆம் தேதி உயிர்நீத்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வி அப்போது நெருப்பாக மூண்டது. தெலுங்கர்கள் சென்னை தங்களுடையது என்றார்கள். தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று ம. பொ. சி. முழங்கினார். சென்னை மாநகராட்சி மன்றம் நகரம் தமிழகத்துக்கே உரியது என்று தீர்மானித்தது. 1953-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், புதிய ராஜ்யத்தின் தலைநகர் ஆந்திரப் பகுதிக்குள்ளேயே இருக்கும் என்று நேரு பார்லிமெண்டில் அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று.

ஒரே நகரத்தில் பிறந்த இரண்டு தேசபக்தர்கள், இருவரும் காங்கிரஸ்காரர்கள், இருவரும் காந்தியடிகளைப் பின்பற்றியவர்கள். ஒருவர் சுட்டிய சரித்திரம் மற்றவருடைய கட்சிக்கு எட்டவில்லை. தமிழர் மேடையில் தாமர்ல நாயகருடைய பேச்சு எழவில்லை. தெலுங்கர் மேடையில் திருவொற்றியூர்க் கல்வெட்டு எழவில்லை. இரண்டையும் அறிந்த இருவர் சேப்பாக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் தொகுத்த மூன்று பாகங்களும் அலமாரியில் இருந்தன. தண்டையார்பேட்டையில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த தமிழ்க் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் அன்று ஒருவரையொருவர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு மேடை முழக்கம் மட்டுமே கேட்டது.

எண்ணிப் பார்த்த கிராமங்கள்

தலைநகர் விவகாரம் தீர்ந்தும் எல்லை விவகாரம் தீரவில்லை. முடிவில் எச். வி. படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். அவர் எந்த மன்னன் எந்த மலை வரையில் ஆண்டான் என்பதை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டு, அங்கே இன்று பெரும்பான்மையோர் பேசும் பாஷை எது, அக்கிராமம் அடுத்த கிராமத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் முடிவின்படி 1959-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறியது. திருத்தணி நம்மிடம் வந்தது. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. வேங்கட மலை ஆந்திரத்திலேயே நின்றது.

இதில் வருத்தப்பட்டவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. ஆயினும் நடந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையைக் காட்டி நிலத்துக்குப் பாத்தியதை கொண்டாட முடியாது; இன்று அங்கே வாழும் மனிதர்கள்தான் நிலத்துக்கு உரியவர்கள். அப்படியானால் சரித்திரம் எதற்கு என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்கு என்பேன். திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பமும் சத்தியவேட்டில் தமிழ் பேசும் குடும்பமும் நேற்று வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல என்று அறிந்தவன், அவர்களை அந்நியர் என்று சொல்லக் கூசுவான். எல்லை எங்கே போகிறது என்பதைச் சட்டம் தீர்த்துவிட்டது. எல்லைக்கு இருபுறமும் எப்படி வாழ்வது என்பதைச் சட்டம் தீர்க்காது. அதற்கு அறிவு வேண்டும்.

நண்பகலில் ஒரு மணி நேரம்

அந்த அறிவை எங்கே, எப்பொழுது பரப்புவது? வடசென்னைக்கு உச்சிவேளை ஏற்றது என்பது என் அபிப்பிராயம். இதற்கும் இங்கே ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று புகழ்பெற்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெரம்பூரில் பிறந்தது. அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். இவர்கள் முதலில் நடத்தியது வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பிரசங்க சபை. பஞ்சாலைத் தொழிலாளர்கள் அங்கே பக்திப் பிரசங்கம் கேட்க வந்தார்கள். வந்த இடத்தில் தங்கள் குறைகளையும் பேசத் தொடங்கினார்கள். பி. பி. வாடியாவிடம் அவர்கள் முறையிட்ட குறைகளுள், மதிய உணவுக்கு விடும் இடைவேளை அரைமணி நேரமே என்பதும் ஒன்று! பிரசங்கம் கேட்கக் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு பெரிய இயக்கம் பிறந்த பூமி இது. இங்கே ஜனங்களுக்குக் கேட்கும் ஆவல் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

"உச்சி வெயிலில் யார் வருவார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். மாலையில் யார் வர முடியும் என்று நான் கேட்கிறேன். மாலையில் ஸ்திரீகளுக்கு அடுப்பங்கரை வேலை, பிள்ளைகளுக்குப் பாடம், உத்தியோகஸ்தர்களுக்கு ரயில் நெரிசல். நண்பகலில் காலை வேலை முடிந்த இல்லத்தரசிகள் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். முறை மாற்றி வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு இடைவேளை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் மெட்ரோ ரயில் தண்டையார்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரையில் ஓடுகிறது. ஜனங்கள் சேப்பாக்கத்துக்குப் போவதைக் காட்டிலும், ஆசிரியர் ஒருவர் வடக்கே வருவது எளிது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் பெயரால் ஒரு கல்லூரி இருக்கிறது. தெலுங்கு பேசும் நெசவாளர் குலத்தில் பிறந்து, சென்னை நகரத்துக்கே தலைவராக விளங்கியவர் அவர். எல்லைப்புறத்துச் சரித்திரத்தைப் பேசுவதற்கு அவர் பெயர் தாங்கிய இடத்தைவிடப் பொருத்தமானது எது?

2004-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதந்தோறும் சென்னை தினத்தை ஒட்டி நகரின் பல பாகங்களிலும் சரித்திரப் பேச்சுகள் நடந்துவருகின்றன. அது மெச்சத்தக்க முயற்சி. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை விருந்து சாப்பிட்டால் உடம்பு தேறாது. மாதம் ஒரு முறையேனும், ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே மணிக்கு நடக்கும் பிரசங்கமே வழக்கமாக ஊன்றும்.

விஷயங்களுக்குப் பஞ்சம் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைகளைப் பற்றி ஒரு மாதம் பேசலாம். காலாடிப்பேட்டை நெசவாளர்களைப் பற்றி ஒரு மாதம்; பக்கிங்காம் கால்வாய்ப் படகோட்டிகளைப் பற்றி ஒரு மாதம்; 1960-ல் ஒரே நாளில் ராஜ்யம் மாறிய கிராமங்களைப் பற்றி ஒரு மாதம். கடைசியில் சொன்னது மிகவும் அவசரமானது. அந்த நாளை நினைவு வைத்திருப்பவர்கள் இன்று முதுமை அடைந்துவிட்டார்கள். இந்தப் பிரசங்கங்களில் பண்டிதர் மட்டும் பேசினால் போதாது. கேட்க வந்த பாட்டியும் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். தொண்டியார் கதையைச் சொல்பவரும் 1693-ஆம் ஆண்டுத் தஸ்தாவேஜைக் காட்டுபவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க வேண்டும்.

பேச்சு தமிழில் இருக்கட்டும். சில மாதங்களில் தெலுங்கிலும் இருக்கட்டும். ஒரு விஷயத்தைத் தமிழர் ஒருவரும் தெலுங்கர் ஒருவரும் அடுத்தடுத்துப் பேசட்டும். பழங்கதையைக் கிளறினால் பழம் பகையும் கிளம்பும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. 1946-ஆம் ஆண்டை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று பகை வளர்ந்தது சரித்திரத்தைப் பேசியதால் அன்று. ஆளுக்குப் பாதியாகப் பேசியதால்தான்.

இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு மண்டபம், ஐம்பது நாற்காலி, குடிக்கத் தண்ணீர், விஷயம் தெரிந்த ஒருவர், இவை போதும். சோழர் காலத்தில் ஓர் ஊர்க்கோயிலால் செய்ய முடிந்ததைச் சுதந்திர இந்தியாவின் சர்வகலாசாலைகளால் செய்ய முடியாதா? வடசென்னையில் உள்ள கல்லூரி ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் பத்துப் பேர் கூடி, வருகிற மாதத்திலேயே ஒரு நாளைக் குறிக்கட்டும். நேயர்கள் சாப்பாட்டு டப்பாவோடு போய் முன் வரிசையில் உட்காரட்டும். தயிர்சாதத்தின் வாசனையைச் சரித்திராசிரியர் பொறுத்துக்கொள்வார்!